பலகை முன் வாயடைத்துப் போனேன்

கேள்வி: சின்ன நிறுவனம் ஒன்றில் 3 ஆண்டுகளாக மென்பொருள் எழுதுகிறேன். போன வாரம் பங்சார் சவுத்தில் ஒரு இன்டர்வியூ. எண்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, எந்த இரண்டைக் கூட்டினால் கேட்ட தொகை வரும் என்று பலகையில் கோட் எழுதச் சொன்னார்கள். லூப்புக்குள் லூப் போட்டு, ஒவ்வொரு ஜோடியாகக் கூட்டிப் பார்த்தேன். "இதைவிட வேகமாக?" என்றார்கள். மூளை நின்றுவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன். எப்போது சேரலாம் என்றதற்குப் பதற்றத்தில் "அடுத்த வாரமே" என்றும் சொல்லிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. அடுத்து பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு இன்டர்வியூ இருக்கிறது. எனக்கு இந்தத் தொழில் சரிவராதோ?
- பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: தம்பி, தொழிலை விடுகிற பேச்சை முதலில் விடுங்கள். பெரிய ஆட்களுக்கும் சறுக்கும். பைனரி சர்ச் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது) எல்லோரும் படிக்கிற பாடம். ஜாவா மொழியோடு வருகிற தயார் கோட் தொகுப்பிலேயே அது பிழையோடு பல ஆண்டுகள் ஓடியது. நடு இடத்தைக் கணக்கிட இரு முனைகளின் இட எண்களைக் கூட்டும்போது, மிகப் பெரிய பட்டியலென்றால் தொகை இன்ட் (முழு எண்ணை வைக்கிற வகை) கொள்ளளவைத் தாண்டிவிடும். அதை எழுதிய ஜாஷுவா பிளாக்கே 2006-இல் வெளிப்படையாக எழுதினார். அவர் தொழிலை விடவில்லை.

உங்கள் லூப்புக்கு வருவோம். 10,000 எண்கள் இருந்தால் அது ஏறக்குறைய 50 மில்லியன் ஜோடிகளைப் பார்க்கும். ஹேஷ் மேப் (போட்டு வைத்ததைச் சட்டென்று தேடித் தருகிற அட்டவணை) இருந்தால் பட்டியலை ஒரு முறை கடந்தாலே போதும். தேவை 100, கையில் 30 என்றால், 70 ஏற்கெனவே வந்ததா என்று மேப்பில் பார்க்க வேண்டியது. வரவில்லையா, 30-ஐ அதில் போட்டுவிட்டு நகர வேண்டியது. நினைவகம் கூடுதலாகப் பிடிக்கும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில் இது தோன்றாமல் போகலாம், சரி. ஆனால் "உள் லூப் பார்த்த எண்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறது, நேரம் அங்கேதான் போகிறது" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே? அந்த அளவுக்கு வந்தால் பல சமயம் எதிரே இருப்பவரே ஒரு குறிப்பு எடுத்துக் கொடுப்பார். நாளை உங்களோடு சேர்ந்து பிழை தேடப்போகிறவர் அவர். ஊமையாக நிற்கிற ஆளோடு எப்படி வேலை பார்ப்பது என்று யோசிக்கத்தான் செய்வார். ஆங்கிலம் தடுக்கினால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். (அதற்கும் முகம் சுளிக்கிற இடமென்றால், அங்கே கோட் ரிவியூ, அதாவது ஒருவர் எழுதிய கோடை மற்றவர் பார்த்துக் குறை சொல்வது, எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

"அடுத்த வாரமே" என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் நோட்டீஸ் காலம் இல்லாவிட்டால், மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி 2 முதல் 5 ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு 6 வாரம். பாதியில் கிளம்பினால் மிச்ச நாளுக்கான சம்பளத்தை நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். இன்றே அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுத் திருத்திச் சொல்லுங்கள். முடிவு எப்போது தெரியும் என்றும் அதிலேயே கேட்டுவிடலாம்.

பாயான் லெப்பாஸ் வேறு மாதிரி ஊர். 1972-லேயே இன்டெல் வந்து இறங்கிய இடம், சுற்றிலும் சிப் தொழிற்சாலைகள். வேலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்றால் சி மொழி, பாயின்டர் (நினைவக முகவரி), நினைவகம் என்று கேள்வி போகும். விளம்பரத்தை இன்னொரு முறை படித்துவிட்டு உட்காருங்கள். அப்புறம், இரவு பஸ்ஸில் போய் விடியற்காலை சுங்கை நிபோங்கில் இறங்கி, கண் எரிய நேராக இன்டர்வியூவுக்குப் போகிற வேலை வேண்டாம். முதல் நாளே போய்த் தங்குங்கள்.