மிமோசா சந்தேகங்கள்: கேளுங்க, சொல்றேன்

வார இறுதியில் காலை உணவும் மதியச் சாப்பாடும் சேர்ந்த பிரஞ்ச் (brunch) பார்ட்டிகளுக்கு பானம் கலந்து கொடுப்பது என் தொழில். குமிழி வைனும் ஆரஞ்சு ஜூஸும் சரிபாதி கலந்த மிமோசா பற்றித் தனித்தனியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே பதில் சொல்கிறேன்.

டல்லாஸிலிருந்து: அக்கா, எந்த ஷாம்பெயின் வாங்கலாம்?

ஷாம்பெயினே வேண்டாம். பாதி கிளாஸ் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றிய பிறகு அந்த விலைக்கான ருசி எங்கே தெரியப்போகிறது? ஸ்பெயின் நாட்டு குமிழி வைனான காவா வாங்குங்கள், அதுவும் ஷாம்பெயின் மாதிரியே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பதுதான், குமிழி பொடிப்பொடியாக வந்து நின்று நிதானமாகப் போகும். இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் பெரிய டாங்கில் நொதிக்கிறது, பழ வாசனை கொஞ்சம் தூக்கல், அதுவும் சரி. லேபிளில் 'ப்ரூட்' என்று இருக்கட்டும். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பதைப் பார்த்து இனிப்பே இருக்காது என்று வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள்தான் சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 வரை. ஜூஸின் இனிப்பும் அதோடு சேர்ந்தால் ரஸ்னா குடித்த மாதிரிதான்.

30 பேர் வருகிறார்கள், எத்தனை பாட்டில்?

கிளாஸுக்கு 75 மில்லி வைன், 75 மில்லி ஜூஸ். 750 மில்லி பாட்டிலில் 10 கிளாஸ். ஆளுக்கு இரண்டு என்றால் 6 பாட்டில், கைகாவலாக இன்னும் ஒன்று. ஜூஸ் நாலரை லிட்டர்.

முதல் நாள் ராத்திரியே ஜக்கில் கலந்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

கூடாது. காலையில் எடுத்தால் புளித்த ஜூஸ்தான் இருக்கும், கேஸ் இருக்காது.

ஆரஞ்சு அலுத்துவிட்டது அக்கா. வேறு என்ன பழம்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். என் முதல் ஓட்டு பேஷன் ஃப்ரூட்டுக்கு, அந்தப் புளிப்புக்கு முன்னால் எதுவும் நிற்காது, விதையை வடிகட்டிவிட்டு 30 மில்லி போதும். குளிர்காலத்தில் ப்ளட் ஆரஞ்சு கிடைத்தால் விடாதீர்கள். மாதுளை ஜூஸில் ஒரே ஒரு சொட்டு பன்னீர், இரண்டு சொட்டு விட்டால் கல்யாண வீட்டு வாசல் வாசனை வந்துவிடும். அன்னாசியோடு இஞ்சிச் சாறு. இலையுதிர் காலமென்றால் ஆப்பிள் சைடர், கிளாஸ் விளிம்பில் பட்டைப் பொடி கலந்த சர்க்கரை.

மாம்பழத்துக்கு எல்லோரும் இந்தியக் கடை டின் கூழைத்தான் எடுப்பீர்கள், எடுங்கள். ஆனால் அப்படியே ஊற்றினால் பொங்கி மேசையெல்லாம் வழியும், சக்கையில் குமிழி தொற்றிக்கொண்டு கிளம்பும். சம அளவு தண்ணீர் விட்டு, எலுமிச்சை பிழிந்து, வடிகட்டிய பிறகு ஊற்றுங்கள்.

நம் பக்கத்து ருசி வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன் நன்னாரி சர்பத், கொஞ்சம் எலுமிச்சை, மேலே ப்ரூட் வைன். பார்ட்டியில் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

கிரேப்ஃப்ரூட்டும் ரோஸ்மேரியும் நல்ல ஜோடி. ஆனால் கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போடும் சில மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் ஒத்துவராது. பெரியவர்கள் வரும் பார்ட்டியென்றால் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

லண்டனிலிருந்து: இது எங்கள் ஊர் பக்ஸ் ஃபிஸ்தானே? பாரிஸ்காரர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்.

ஆரம்பிச்சிட்டீங்களா! லண்டன் பக்ஸ் கிளப்பில் 1921இல் வந்தது பக்ஸ் ஃபிஸ், அதில் ஷாம்பெயின் இரண்டு பங்கு, ஜூஸ் ஒரு பங்கு. மிமோசா சரிபாதி. பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டலில் இருந்த ஃப்ராங்க் மேயர் 1925 வாக்கில் உண்டாக்கினார் என்பார்கள். ஆனால் அவரே 1936இல் போட்ட புத்தகத்தில், தன் சொந்தக் கலவைகளுக்கு ஒரு குறி வைத்தவர், மிமோசாவுக்கு அதை வைக்கவில்லை.

லண்டன் மறுபடியும்: அப்போது எங்களுடையதுதான் மூத்தது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

வயதில் மூத்தது, சரி. அளவு வேறென்றால் பானமும் வேறு.

சிகாகோ: அந்த லண்டன் அண்ணன் ஜூஸை முதலில் ஊற்றுகிற ஆளாகத்தான் இருப்பார்.

லண்டன்: ஆமாம், ஜூஸ்தான் முதலில். அதில் என்ன தப்பு?

தப்பு இருக்கிறது அண்ணே. ஜூஸ் அடியில் கிடந்தால் அதன்மேல் விழும் வைன் நுரைத்துப் பொங்கும், பிறகு ஸ்பூன் போட்டுக் கலக்குவீர்கள், இருக்கிற கேஸும் போய்விடும். வைனைச் சாய்த்துப் பிடித்த கிளாஸில் முதலில் ஊற்றுங்கள். ஜூஸ் கனமானது, தானே கீழே இறங்கிக் கலந்துகொள்ளும்.

லண்டன்: எங்கள் வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை.

விருந்தாளிகள் நல்லவர்கள். அடுத்த கேள்வி.

திறந்த பாட்டிலில் வெள்ளி ஸ்பூன் செருகினால் கேஸ் நிற்குமாமே?

நிற்காது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1994இல் சோதித்தே பார்த்துவிட்டார்கள். இறுக்கிப் பிடிக்கும் மூடி வாங்குங்கள், விலை அதிகமில்லை.

ஜக்குக்குப் பதில் ஃப்ளாஸ்கில் கலந்து எடுத்துப் போகலாமா?

ஜக்கு, ஃப்ளாஸ்க், குடம், அண்டா எதுவும் வேண்டாம். ஏன் என்று முன்பே சொல்லிவிட்டேன், கேஸ் போய்விடும்.

குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும்?

அதே ஜூஸ், வைனுக்குப் பதில் நன்றாகக் குளிர்ந்த சோடா. திராட்சை ஸ்பார்க்ளிங் ஜூஸ் ஊற்றினால் தித்திக்கும். ஒன்று கவனம்: பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் குழந்தை கை மாற்றி எடுத்துவிடும். கிளாஸ் வடிவத்தையே மாற்றுங்கள், மேசையையும் தனியாகப் போடுங்கள்.

இதோடு மெதுவடை பொருந்துமா?

உப்பும் எண்ணெயும் இருந்தால் பொருந்தும். எப்படிச் சுடுவது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பாட்டில் திறக்கப் பயமாக இருக்கிறது அக்கா.

பயம் நல்லது. உள்ளே 5, 6 அட்மாஸ்ஃபியர் வரை அழுத்தம் இருக்கும், கார் டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் குளிரட்டும், சூடான பாட்டில்தான் பாயும். கம்பியைத் தளர்த்தும்போதே கட்டைவிரல் கார்க் மேல் இருக்க வேண்டும், வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். சத்தம் வரக் கூடாது, 'ஸ்ஸ்' என்றால் போதும்.