ஆய்வகத்தில் தேறியது கடைக்கு ஏன் வருவதில்லை? பதப்படுத்தல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. தொழில்நுட்பம் இருக்கிறது, ஆய்வுக் கட்டுரையும் வந்துவிட்டது, கடையில் மட்டும் காணோம். கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

பொள்ளாச்சியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. இளநீரைச் சூடாக்காமல் உயர் அழுத்த முறையில் பதப்படுத்தி பாட்டிலில் விற்கலாம் என்கிறார்கள். மெஷின் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். முறை நல்ல முறைதான். பாட்டிலில் அடைத்து மூடிய பானத்தைத் தண்ணீர் நிரம்பிய கலனுக்குள் வைத்து, 600 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் கொடுத்துச் சில நிமிடம் நிறுத்துவார்கள். கடலின் மிக ஆழமான இடத்தில் இருக்கும் அழுத்தத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். கிருமிகள் சாகும், சூடு படாததால் சுவை அப்படியே இருக்கும். 1899இலேயே அமெரிக்காவில் பாலில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஆனால் கடைக்கு வந்தது 1990இல், ஜப்பானில், ஜாமாக. அந்த அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை தாங்கும் கலன் வேறு தொழில்களுக்காக உருவாகி வரும்வரை உணவுத்துறை காத்திருக்க வேண்டியிருந்தது.

உங்கள் சிக்கல் மெஷினில் இல்லை, இளநீரில் இருக்கிறது. உயர் அழுத்தம் கிருமியைக் கொல்லும். கிருமியின் வித்துகளை, அதாவது ஸ்போர்களை, கொல்லாது. ஆரஞ்சு, மாதுளைச் சாறுகளில் அமிலம் அதிகம். அமிலத்தை அளக்கும் பிஎச் எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.6க்குக் கீழே இருப்பதால், பாட்டுலிசம் என்ற உயிரைப் பறிக்கும் உணவு நஞ்சைத் தரும் கிருமியின் ஸ்போர்கள் அங்கே முளைக்காது. இளநீரின் பிஎச் 5ஐ ஒட்டி இருக்கும். காற்றுப் புகாத பாட்டில், போட்டிக் கிருமிகளும் செத்தாயிற்று, ஸ்போர் மட்டும் உயிரோடு. வண்டியிலோ கடையிலோ குளிர் விட்டுப்போனால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். குளிரிலேயே மெதுவாக வளரும் வகையும் உண்டு. எலுமிச்சை சேர்த்து அமிலத்தைக் கூட்டலாம். அப்புறம் அது இளநீர் இல்லை, வேறு பானம்.

இன்னொன்று, வெட்டிய இளநீர் இளஞ்சிவப்பாவதற்குக் காரணமான நொதிகளை இந்த அழுத்தம் முழுதாக அடக்காது. நுண்வடிகட்டலையும் சேர்த்துப் பாருங்கள். இந்தச் சிக்கல்கள் தீர்ந்தாலும், முதலில் கூலிக்கு அழுத்தித் தரும் இடம் ஒன்றைப் பிடித்து, சில நூறு பாட்டில் போட்டு விற்றுப் பாருங்கள். அமெரிக்காவில் சிறு ஜூஸ் நிறுவனங்கள் பல அப்படித்தான் வளர்ந்தன. கோடிக்கணக்கில் கடன் வாங்கி வாங்கிய மெஷின் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் வட்டிக்கே போதாது.

மாங்காயில் தெளித்தால் பழுப்பதைத் தள்ளிப்போடும் ஹெக்ஸனால் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் நிறையப் பேசினார்கள். உரக்கடையில் கேட்டால் கைவிரிக்கிறார்கள். என்ன ஆயிற்று? (கிருஷ்ணகிரி)

அறிவியல் பொய்யில்லை. வெட்டிய புல்லில் வரும் வாசனையில் ஹெக்ஸனாலும் இருக்கிறது. பழத்தின் செல்சுவரை ஒட்டிய சவ்வைச் சிதைக்கும் நொதியை அது அடக்குகிறது, பழம் இளகுவது தாமதமாகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம், நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம், இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனம் மூன்றும் சேர்ந்து இதில் வேலை செய்தன. உங்கள் பக்கத்துத் தோப்புகளிலும் சோதனை நடந்தது.

தடை வேறு இடத்தில். பயிரில் தெளிக்கும் பொருளைப் பதிவு இல்லாமல் விற்க முடியாது. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருமா, உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருமா என்று முடிவு செய்வதே பாதி வேலை. எச்சம், நச்சுத்தன்மை என்று தரவு திரட்டப் பெரிய பணம் வேண்டும். ஹெக்ஸனாலோ பழைய, எல்லோருக்கும் தெரிந்த ரசாயனம். ஒரு கம்பெனி செலவழித்துப் பாதை போட்டால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்கு நிதி கிடைக்கும், பதிவுச் செலவுக்குக் கிடைக்காது.

இதைவிடப் பெரிய கேள்வி, கூடுதல் நாட்களின் லாபம் யாருக்கு என்பது. தெளிப்புச் செலவு உங்களுடையது. மண்டியில் பழம் சில நாள் கூடுதலாக நின்றால் லாபம் வியாபாரிக்கு, அவர் அதற்காகக் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்றித் தருவதில்லை. கிருஷ்ணகிரியில் விளையும் பெங்களூரா ரக மாம்பழம் பெரும்பகுதி கூழ் ஆலைக்குப் போகிறது. பழம் மேசையில் எத்தனை நாள் அழகாக இருக்கும் என்பது ஆலைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சீசன் உச்சத்தில் ஆலை வாசலில் லாரிகள் வரிசைகட்டி நிற்க, விலை சரியும்போது, காயை மரத்திலேயே நிறுத்தி வைக்க முடிந்தால் அந்த லாபம் உங்களுக்கு. இந்தப் பொருளை "பழம் கெடாது" என்று சொல்லி விற்பதைவிட "அறுவடையைத் தள்ளிப்போடலாம்" என்று சொல்லி விற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

200 கிராம் ரிட்டார்ட் பையில் (உணவை அடைத்து மூடியபின், ரிட்டார்ட் என்ற அழுத்தக் கலனில் சூடாக்கிக் கிருமி நீக்கும் பை) எங்கள் சாம்பாரும் வெண்பொங்கலும் சோதனையில் தேறிவிட்டன. ஹோட்டல்காரர்கள் 3 கிலோ பை கேட்கிறார்கள். நேரத்தைக் கூட்டினால் போதுமா? (மதுரை)

சாம்பாரில் ஓரளவு சமாளிக்கலாம், பொங்கலில் முடியாது. சாம்பார் நீர்த்தது. பைக்குள் சுழன்று சூட்டைத் தானே பரப்பும். பொங்கல் அசையாது, சூடு ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்துதான் போக வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நடுப்பகுதி 121 டிகிரியில் மூன்று நிமிடத்துக்குச் சமமான சூட்டையாவது பெறுவதற்குள் ஓரம் கருகிப் பழுப்பாகிவிடும், நெய் பிரிந்து நிற்கும்.

எடையைக் கூட்டுங்கள், தடிமனைக் கூட்டாதீர்கள். அகலமான தட்டைப் பை, அது உப்பாமல் பிடிக்கும் தட்டு அடுக்கு, ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். பையில் காற்று தங்கவே கூடாது, அது சூட்டைத் தடுக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு பை அளவுக்கும் வெப்ப ஊடுருவல் சோதனை தனியாகச் செய்ய வேண்டும். பையின் நடுவில் வெப்பமானியைச் செருகி, ரிட்டார்ட்டில் மிக மெதுவாகச் சூடேறும் மூலையில் வைத்து அளப்பார்கள். உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்களான மைசூர் சிஎஃப்டிஆர்ஐயிலோ தஞ்சாவூர் நிஃப்டெம்மிலோ கேளுங்கள். 200 கிராமுக்கு வாங்கிய அறிக்கையைக் காட்டி 3 கிலோவை விற்பது ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

பிஎச்.டி. மாணவி நான். சிறுதானிய மாவின் ஆயுளைக் கூட்டும் முறை ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். முதலில் கட்டுரையா, காப்புரிமையா?

காப்புரிமை விண்ணப்பம் முதலில். கட்டுரை வெளிவந்துவிட்டால் "புதியது" என்று கோருவது பெரும்பாலும் முடியாது. மாநாட்டுப் போஸ்டரும் கணக்கில் வரும். தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிட்டு, முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத் தேதி கையில் கிடைத்ததும் கட்டுரையை அனுப்புங்கள். வழிகாட்டி அவசரப்படுத்துவார், பரவாயில்லை.

காப்புரிமை என்பது விற்க அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். புதிய தொழில்நுட்பத்தில் பதப்படுத்திய உணவு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2017 விதிமுறைப்படி தனி ஒப்புதல் தேவைப்படலாம். அப்புறம், உங்கள் மாவு 38 டிகிரியில் ஒரு மாதம் தாங்கியதை வைத்து அறை வெப்பத்தில் ஆறு மாதம் என்று கணக்கிட்டிருந்தால், உண்மையான ஆறு மாதச் சோதனையையும் இன்றே தொடங்குங்கள். உரிமம் வாங்க வரும் நிறுவனம் அதைத்தான் முதலில் கேட்கும்.

கதிர்வீச்சு கொடுத்த வெங்காயத்தைச் சாப்பிட்டால் கதிரியக்கம் நமக்கும் வருமா?

வராது. கோபால்ட்-60இன் காமா கதிர் வெங்காயத்தைக் கடந்து போய்விடும், கதிரியக்கம் எதையும் விட்டுச்செல்லாது. நாசிக் பக்கம் லாசல்கானில் இதற்கென்றே ஓர் ஆலை இருக்கிறது. 2007இலிருந்து நம் மாம்பழம் அமெரிக்கா போவதும் இந்த வழியில்தான். ஆனால் வெங்காயத்தில் கதிர் முளைப்பதைத்தான் தடுக்கும், அழுகுவதைத் தடுக்காது. சரியாக உலர்த்தாத வெங்காயத்துக்கு இதில் பயனில்லை. விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இதற்குச் செலவு செய்ய முடியும். ஏறாத ஆண்டில் அது வியாபாரிக்கு நஷ்டம். பயத்தைவிட இந்தக் கணக்குதான் பெரிய தடை.

எங்கள் இட்லி மாவு பாக்கெட் கடையில் உப்பி வெடிக்கிறது. புதுத் தொழில்நுட்பம் ஏதாவது உண்டா?

வேண்டியதில்லை. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும் எந்த முறையும் உங்கள் மாவையும் கெடுக்கும். அரைத்ததும் நன்றாகக் குளிரவையுங்கள், வாயு வெளியேற ஒருவழி வால்வு உள்ள பை வாங்குங்கள். அப்புறம் ஒரு சிறிய வெப்பநிலைப் பதிவுக் கருவியை மாவுப் பாக்கெட்டுகளோடு கடை ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்து எடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கோடு ஏறினால், கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைக்கிறார்கள் என்று அர்த்தம்.