பழைய அனிமே நாயகர்கள் ஆம்பளைங்க, இப்போது வருபவர்கள் அழுமூஞ்சிகளா?

‘ஹொகுதோ நோ கென்’ நாயகன் கென்ஷிரோ, ‘டிராகன் பால்’ நாயகன் கோகு காலத்து ஆண்மை இன்றைய நாயகர்களிடம் எங்கே போனது, ‘டீமன் ஸ்லேயர்’ நாயகன் தான்ஜிரோ ஏன் எதற்கெடுத்தாலும் அழுகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பழைய தொடர்களைச் சண்டைத் துண்டுகளாக மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தவர்களுக்கு, அந்தக் கால நாயகர்கள் எவ்வளவு அழுதார்கள் என்பது தெரியும்.

‘ஹொகுதோ நோ கென்’ 1984-இல் அனிமேவாக, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராக வந்தது. கென்ஷிரோ 185 செ.மீ. உயரம், 100 கிலோ எடை. அந்த உடம்போடு அவன் தோழன் ரெய் சாகும்போது அழுகிறான், இன்னொரு தோழன் ஷூ சாகும்போது அழுகிறான், தன் எதிரியான ராவோவுக்காகவும் அழுகிறான். இன்னும் பின்னால் போனால் 1968-இல் ‘க்யோஜின் நோ ஹோஷி’ என்ற பேஸ்பால் தொடர். அதில் ஹோஷி ஹ்யூமா வடிக்கும் கண்ணீர் தான்ஜிரோவின் கண்ணீருக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. ஆகவே கண்ணீரை வைத்து அளந்தால் எதுவும் பிடிபடாது. நாயகன் ‘மாட்டேன்’ என்று சொன்னால் கதை அவனை என்ன செய்கிறது? அதைப் பாருங்கள். மாற்றம் அங்கேதான் இருக்கிறது.

ஹ்யூமாவின் அப்பா இத்தெத்சு, சிறுவனான மகனின் உடம்பில் இரும்பு ஸ்பிரிங்குகள் கோத்த ஒரு கவசத்தை மாட்டிவிடுகிறார். கையை அசைத்தாலே ஸ்பிரிங் இழுக்கும். அதோடுதான் அவன் சாப்பிட வேண்டும், பந்து எறிய வேண்டும். அக்கா அகிகோ ஒளிந்து நின்று அழுவாள், தடுக்க முடியாது. மகன் முரண்டு பிடிப்பான், ஆனால் அப்பா காட்டிய பாதையை விட்டு விலக மாட்டான். கடைசியில் அந்த இடது கையே பாழாகிறது. வலியைத் தாங்குவதுதான் ஆண்மை, எந்த வலி என்பதை முடிவு செய்பவர் அப்பா.

1979-இல் ‘மொபைல் சூட் கண்டம்’ என்ற ராட்சத ரோபோ தொடர். ஒன்பதாவது எபிசோடில், பதினைந்து வயது அமுரோ ரே போருக்குப் போக மறுத்துப் படுத்துக்கிடக்கிறான். கப்பல் தலைவன் பிரைட் அவனை இரண்டு முறை அறைகிறான். ‘என் அப்பாகூட என்னை அடித்ததில்லை’ என்று அமுரோ கத்த, அடி வாங்காமல் எவன் ஆளாகியிருக்கிறான் என்கிற தொனியில் பதில் வருகிறது. கொஞ்ச நேரத்தில் அவன் ‘கண்டம்’ என்ற தன் ரோபோவில் ஏறிவிடுகிறான். மறுப்பு முதல் முறையாகச் சத்தமாக வெளியே வந்துவிட்டது, ஆனால் கதை இன்னும் அறைந்தவன் பக்கம்தான் சாய்கிறது.

1995 அக்டோபரில் ‘எவாஞ்சலியன்’, சிறுவர்கள் ராட்சத இயந்திரங்களை ஓட்டிப் போரிடும் தொடர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் நாயகன் ஷிஞ்ஜியைக் கோழை என்று திட்டுபவர்கள் பதினெட்டாவது எபிசோடை மறந்துவிடுகிறார்கள். எதிரே நிற்கும் இயந்திரத்துக்குள் ஒரு சிறுவன் இருக்கிறான் என்று தெரிந்ததும், ‘கொல்வதைவிட நான் சாகிறேன்’ என்று பதினான்கு வயது ஷிஞ்ஜி மறுக்கிறான். அப்பா கெண்டோ அவனிடமிருந்து கட்டுப்பாட்டைத் துண்டித்து, ஓட்டுபவன் இல்லாமலே இயந்திரத்தை இயக்கும் ‘டம்மி பிளக்’கை முடுக்குகிறார். ஷிஞ்ஜி உள்ளே உட்கார்ந்து அலற, அவன் ஓட்டிய உடம்பே எதிரே இருப்பதைப் பிய்த்தெறிகிறது. இத்தெத்சுவின் ஸ்பிரிங் கவசத்துக்கு உள்ளே மகனின் சம்மதம் கொஞ்சமாவது தேவைப்பட்டது. கெண்டோவுக்கு அதுவும் வேண்டாம். இந்த முறை கதை அப்பாவின் பக்கம் நிற்கவில்லை. ஜப்பானில் பொருளாதாரக் குமிழி உடைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஜனவரியில் கோபே நிலநடுக்கம், மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வாயுத் தாக்குதல். ‘பெரியவர்கள் சொன்னபடி உழைத்தால் போதும்’ என்ற உறுதி ஆட்டம் கண்டிருந்த வருடம் அது.

இதைக் காரணம் என்று நான் அறுதியிடவில்லை. ‘ஒரு நிலநடுக்கத்தால் அனிமே மாறிவிட்டதா’ என்று கமெண்டில் வர வேண்டாம். அதற்கு முன்பே 1986-இல் ‘செயிண்ட் செய்யா’ வந்துவிட்டது, அதில் சண்டையே பிடிக்காத ஷூன் இளஞ்சிவப்புக் கவசத்தோடு நிற்கிறான். அந்தத் தொடருக்கு உருவங்கள் வரைந்த அராகி ஷிங்கோவும் ஹிமெனோ மிச்சியும், பெண் வாசகர்களுக்கான ‘வெர்சாயின் ரோஜா’ அனிமேவுக்கு வரைந்தவர்கள்.

தான்ஜிரோவுக்கு வருவோம். 165 செ.மீ., 61 கிலோ. பறை அடிக்கும் அரக்கன் க்யோகாயுடன் அவன் மோதும் இரண்டு எபிசோடுகளைத் திரும்பப் பாருங்கள். எலும்பு முறிந்த வலியில், ‘நான் மூத்த மகன், அதனால்தான் தாங்கினேன்’ என்கிறான். இது அப்படியே ஹ்யூமா காலத்துப் பேச்சு, பழைய ஆண்மை எங்கும் போய்விடவில்லை. ஆனால் சண்டைக்கு நடுவே க்யோகாய் எழுதிய தாள்கள் தரையில் பறக்க, அவன் அவற்றை மிதிக்காமல் கால் மாற்றி வைக்கிறான். அப்படிக் கால் வைக்கும்போதுதான் முறிந்த எலும்பு நோகாமல் மூச்சையும் உடம்பையும் இயக்கும் விதம் அவனுக்குப் பிடிபடுகிறது. எதிரியின் எழுத்துக்குத் தந்த மரியாதைதான் வெற்றிக்கு வழி. இதை மென்மை என்று ஒதுக்குபவர்கள் காட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை.

  

மறுப்பு முழுமையாக வலிமையாகவே மாறுவது, 2023-இல் வந்த ‘வின்லாண்ட் சாகா’ என்ற வைக்கிங் காலத்து அனிமேவின் இரண்டாம் பருவத்தில். முதல் பருவத்தில் பழிவாங்குவதற்காகவே வாழ்ந்த தோர்ஃபின், இங்கே டென்மார்க்கில் அடிமையாகக் காடு திருத்திக் கோதுமை விதைக்கிறான். கானூட் மன்னனைப் பார்க்க அனுமதி வேண்டி, நூறு குத்துகளைத் திருப்பி அடிக்காமல் வாங்குகிறான். ஏன் அடிக்கவில்லை என்றால், ‘எனக்கு எதிரிகள் இல்லை’ என்கிறான். இங்கேயும் தாங்குவதுதான் ஆண்மை, ஆனால் எதைத் தாங்குவது என்று அவனே தீர்மானித்திருக்கிறான்.

நாயகர்களின் உடம்பை ஒப்பிடும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அனிமே வந்த ஆண்டை எடுக்காதீர்கள், அதற்கு மூலமான மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) தொடங்கிய ஆண்டை எடுங்கள். ‘ஜோஜோ’ டிவி தொடர் 2012-இல் வந்ததால் அதன் முதல் பாக நாயகன் ஜோனதனின் 195 செ.மீ. மலை உடம்பை இக்கால ஆண்மையாகக் காட்டி வாதிடுகிறார்கள். அது 1987-இல் வரையப்பட்டது. அதை வரைந்த அராகி ஹிரோஹிகோவே 1995-இல் ஐந்தாம் பாகம் தொடங்கியபோது நாயகன் ஜியோர்னோ 172 செ.மீ., மெலிந்த இடுப்பு. ஒரே கை, ஒரே கதை, எட்டு வருட இடைவெளி. உடம்பு எப்போது மாறியது என்று தெரிய வேண்டுமானால் அந்த இரண்டு பாகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனம் எப்போது மாறியது என்பதற்குக் ‘கண்டம்’ ஒன்பதாவது எபிசோடும் ‘எவாஞ்சலியன்’ பதினெட்டாவது எபிசோடும் போதும்.