உயில் மட்டும் போதாது, அண்ணனிடம் சொல்லுங்கள்

அப்பாவுக்கு மறதிநோயின் தொடக்கநிலை என்று மருத்துவர் சொல்லிவிட்டார், உயில்தான் இருக்கிறதே, அவசரம் என்ன என்று அண்ணன் கேட்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். உயில் அப்பா இறந்த பிறகுதான் பேசத் தொடங்கும். அவர் உயிரோடு இருந்தும் கையெழுத்தின் பொருள் புரியாமல் கழியக்கூடிய ஆண்டுகளுக்கு அது உதவாது.

அந்த இடைவெளிக்குத்தான் அதிகாரப் பத்திரம், அதாவது பவர் பத்திரம்: தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அப்பா எழுதிக் கொடுப்பது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால், பல நாடுகளில் சாதாரண பவர் பத்திரம் செல்லாமல் போய்விடும். குடை மழை வந்ததும் மடங்கிக்கொள்வதைப் போல! அதன் பிறகும் தொடரும் வகை உங்கள் சட்டத்தில் உண்டா என்பதே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இல்லையென்றால் பெரும்பாலும் நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் நியமனம்தான். செலவும் அலைச்சலும் அதிகம்.

நோய் உறுதியானதாலேயே அப்பா கையெழுத்திடும் தகுதியை இழந்துவிடவில்லை. கையெழுத்திடும் நேரத்தில் அவருக்கு விஷயம் புரிகிறதா என்பதுதான் கணக்கு. காலையில் தெளிவாக இருப்பவர் என்றால் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அன்றே மருத்துவரின் சான்றும் வாங்கிவிடுங்கள். பின்னால் உடன்பிறந்தவர்களே கேள்வி கேட்கக்கூடும்.

வங்கிக் கணக்கில் உங்கள் பெயரைக் கூட்டாகச் சேர்ப்பது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் கடன்காரர்கள் அந்தப் பணத்தின் மீதும் கை வைக்கப் பார்ப்பார்கள், அண்ணனுக்கும் சந்தேகம் முளைக்கும்.

தானே சொல்ல முடியாத நிலை வந்தால் செயற்கைச் சுவாசம், குழாய்வழி உணவு எல்லாம் வேண்டுமா என்று அப்பாவிடமே இப்போது கேட்டு எழுதி வையுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். என் அம்மாவிடம் நான் கேட்டபோது, "இதை எப்போது கேட்பாய் என்று காத்திருந்தேன்" என்றார்.