ஃப்ரீசரில் வைத்த ஊசியும் பிற கேள்விகளும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி நாய்க்கடி பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தருகிறேன். வயது, எடை, ஊசி போட்ட தேதி இந்த மூன்றும் இல்லாமல் எழுதினால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். அடுத்த முறை தடுப்பூசி அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

வீரவநல்லூர்: வீட்டு நாய்தான் கடித்தது. மூன்று ஊசி போட்டாயிற்று. நாயும் நன்றாக இருக்கிறது. நாலாவதை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 என நான்கு நாள். ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளிலும் 0.1 மி.லி. வீதம். நாய் 10 நாள் நன்றாக இருந்தால் அந்தக் கடியைப் பற்றிய பயம் தீர்ந்தது. ஆனாலும் 28-ஆம் நாள் ஊசியைப் போட்டு முடித்துவிடுங்கள். பிறகு எப்போதாவது கடிபட்டால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசியே போதும்.

ரத்தம் வந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. வந்திருந்தால் முதல் நாளே காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்னும் தயார் எதிர்ப்புப் புரதத்தைப் போட்டிருக்க வேண்டும். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் வகை என்றால் கிலோவுக்கு 40 யூனிட். 60 கிலோ ஆளுக்கு 2,400 யூனிட், அதாவது 8 மி.லி. அளவு. முதல் ஊசிக்குப் பிறகு 7 நாள் கடந்துவிட்டால் இதைப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். இதைச் சொல்லாத மாதமே இல்லை. இன்னும் சொல்வேன்.

பாளையங்கோட்டை: ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் கொடுத்தோம். ஆனாலும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. மருந்து போலியா?

போலி இல்லை. வயிற்றுப்போக்குக்குக் காரணமான கிருமிகள் பல, ரோட்டா அதில் ஒன்று. அந்த ஒன்றிலும் கடுமையான நோயைத்தான் இந்த மருந்து குறைக்கும். நம் நாட்டு ரோட்டாவாக்கை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா நோய் ஏறக்குறைய 55 சதவீதம் குறைந்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா மருந்துகள் 85, 90-க்கு மேல் காட்டியிருக்கின்றன. நம் குழந்தைகளின் குடலில் ஏற்கெனவே வேறு கிருமிகள் குடியிருக்கின்றன, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதமும் அதிகம். அதனால் சொட்டு மருந்து நன்றாகப் பிடிப்பதில்லை. ஆப்பிரிக்காவிலும் இதே நிலைதான். ஐரோப்பாவில் வந்த சதவீதத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் இங்கேயே சோதனை நடத்துகிறோம்.

இப்போது செய்ய வேண்டியது: ஓ.ஆர்.எஸ்., அதோடு 14 நாள் துத்தநாகம். ஆறு மாதத்துக்குள் 10 மி.கி., அதற்கு மேல் 20. போக்கு நின்றதும் துத்தநாகத்தை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள்.

மேலப்பாளையம்: பி.சி.ஜி. போட்ட இடத்தில் தழும்பு வரவில்லை. திரும்பப் போடலாமா?

வேண்டாம். தழும்பு இல்லை என்பதற்காகத் திரும்பப் போடுவதில்லை. பச்சிளம் குழந்தைக்குக் காசநோய் மூளையைத் தாக்காமல் தடுப்பதுதான் பி.சி.ஜி.யின் வேலை. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கிறதா என்று 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிப் பல லட்சம் பேரிடம் சோதித்தார்கள், 15 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தடுக்கவில்லை என்பதே முடிவு. எம்72 என்னும் புதிய காசத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது. அதன் முடிவு வரும்வரை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைதான் வழி. பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூசு மேல் பழியைப் போட்டு மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருக்காதீர்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம், சிறு கிளினிக்: எங்களிடம் சாதாரண ஃப்ரிட்ஜ்தான். கரண்டு அடிக்கடி போவதால் பென்டாவலென்ட் (கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான ஊசி), ஹெபடைடிஸ் பி குப்பிகளை ஃப்ரீசரில் வைத்துக் காலையில் கீழே எடுக்கிறோம். குப்பி மேல் ஒட்டியுள்ள வி.வி.எம். அடையாளத்தின் சதுரம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சரிதானே?

சரியில்லை. அந்தக் குப்பிகளை இன்றே தனியே எடுத்து, "பயன்படுத்தாதே" என்று எழுதி ஒட்டுங்கள். போட்ட குழந்தைகளின் பட்டியலை எடுத்து வட்டார மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். அவர்களுக்குத் திரும்பப் போட வேண்டி வரலாம்.

நம் வெயிலில் எல்லாருக்கும் சூட்டைப் பற்றித்தான் பயம். குளிரைப் பற்றி ஒருவருக்கும் பயமில்லை. பென்டாவலென்ட், ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., டி.டி., ஐ.பி.வி. (போலியோ ஊசி), நிமோகாக்கல் எல்லாமே உறைந்தால் கெட்டுப்போகும். ஹெபடைடிஸ் பி பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே உறையும். இவற்றில் பலவற்றில் மருந்து அலுமினிய உப்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறைந்தால் உப்பு திரண்டு கட்டியாகிவிடும், உருகினாலும் பழைய நிலைக்கு வராது. ஊசி போடும்போது வலி இருக்கும், அட்டையில் தேதி விழும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. பல மாதம் கழித்து அந்தப் பிள்ளைக்குக் கக்குவான் வந்தால் "தடுப்பூசி போட்டும் வந்துவிட்டது" என்று ஊர் பேசும். தடுப்பூசிமேல் நம்பிக்கை போவதற்கு வதந்தியைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். வதந்தியை மறுத்துப் பேசலாம். செத்த மருந்தைப் போட்டுவிட்டு என்ன பேசுவது?

வி.வி.எம். சூட்டை மட்டுமே காட்டும். உறைந்த குப்பியிலும் சதுரம் வெள்ளையாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்க வேண்டும். அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே இரவு முழுக்க உறையவைத்து, காலையில் உருகவிடுங்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துப் பிடித்து நன்றாகக் குலுக்கி, மேசையில் நிறுத்தி, வெளிச்சத்தில் அரை மணி நேரம் கவனியுங்கள். உறைந்ததில் வெள்ளைப் படிவு சீக்கிரம் அடியில் இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் இறங்கினால் தூக்கிப்போடுங்கள். குப்பி பனிக்கட்டியாகவே கையில் கிடைத்தால் சோதனையே வேண்டாம், நேரே கழிவுக்குத்தான்.

ஃப்ரிட்ஜில் எங்கே வைப்பது? நடுத்தட்டில். கதவில் வைக்காதீர்கள், ஃப்ரீசருக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள், பின்சுவரைத் தொடவிடாதீர்கள். கீழ்த்தட்டிலும் கதவிலும் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி அடுக்குங்கள். கரண்டு போனால் அவைதான் குளிரைத் தாங்கும். தெர்மாமீட்டரை ஊசிக் குப்பிகளின் நடுவிலேயே வையுங்கள். காலை, மாலை இருமுறை எழுதுங்கள். 2-க்கும் 8-க்கும் இடையில் இருக்க வேண்டும். மோர், இட்லி மாவு உள்ளே வரக் கூடாது, ஏனென்றால் கதவு திறக்கும் எண்ணிக்கை அதனால்தான் கூடுகிறது. கரண்டு போனால் திறக்காதீர்கள்.

மருந்துக்கடையிலிருந்து பாலிதீன் பையில் ஐஸ் கட்டிக்குள் புதைத்து எடுத்து வருவதும் இதே தவறுதான். வேக்சின் கேரியரில் வைக்கும் ஐஸ் பேக்கைக்கூட ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் உள்ளே வைக்கக் கூடாது. வெளியே வைத்து, வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். காலை அவசரத்தில் விட்டுப்போகும் படி இதுதான்.

சூட்டுக்கு இவ்வளவு பயப்படத் தேவையில்லை என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். புனேயில் தயாராகும் மெனாஃப்ரிவாக் என்ற மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை 40 டிகிரி வரை, நான்கு நாள் வரை குளிரில்லாமல் வைத்துக்கொள்ள 2012-இல் அனுமதி கிடைத்தது. பெனின் நாட்டில் அப்படியே கிராமங்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். இது அந்த ஊசிக்கு மட்டும் சோதித்துத் தந்த அனுமதி. உங்கள் பென்டாவலென்டை வெளியே வைக்க இதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா ஊசி), பி.சி.ஜி. இரண்டும் தூளாக வருபவை. கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதுங்கள், நான்கு மணி நேரத்தில் மிச்சத்தைத் தூக்கிப்போடுங்கள். அவற்றில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து கிடையாது. 2017-இல் தெற்கு சூடானில் ஒரே சிரிஞ்சால் நான்கு நாள் தட்டம்மை மருந்தைக் கரைத்து, குளிரிலும் வைக்காமல் போட்டதில் 15 குழந்தைகள் இறந்தன. மருந்தில் பழுதில்லை. கரைத்த விதத்தில்தான் பழுது.

தென்காசி, கல்லூரி மாணவர்: டெங்கு தடுப்பூசி சோதனைக்குப் பெயர் கொடுத்தால் எவ்வளவு தருவார்கள்?

அதை முதல் கேள்வியாகக் கேட்பவர் சேர வேண்டாம். போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் தருவார்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி உண்டு. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. எனக்கு மருந்து கிடைக்குமா, பிளாசிபோ என்னும் வெறும் ஊசியா, அதை யார் தீர்மானிக்கிறார்கள்? எத்தனை நாள் பின்தொடர்வார்கள்? பாதியில் விலகலாமா? (எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.) நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் ஒப்புதல் தாளில் இருக்கிறதா? சி.டி.ஆர்.ஐ. என்னும் நாட்டின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண் இருக்கிறதா? 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் நாட்டு டெங்கு ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. 19 இடங்கள், 10,000-க்குச் சற்று மேல் ஆட்கள், இரண்டு ஆண்டுப் பின்தொடர்தல். இத்தனை நாள் ஏன் என்று கேட்காதீர்கள். டெங்குவில் நான்கு வகை. 2016-இல் பிலிப்பைன்ஸில் டெங்வாக்ஸியா என்ற டெங்கு ஊசியை எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். முன்பு டெங்குவே வராத குழந்தைகளுக்கு, ஊசிக்குப் பிறகு வரும் டெங்கு கடுமையாகலாம் என்று 2017 கடைசியில் தெரிந்தது. திட்டம் நின்றது, மற்றத் தடுப்பூசிகள் மேலும் அங்கே நம்பிக்கை சரிந்தது.

ஒப்புதல் கையெழுத்தை உங்களுக்காக வேறு யாரும் போட விடாதீர்கள். 2009-10-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு) ஊசித் திட்டம் நடந்தபோது, பழங்குடி மாணவிகளுக்காக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்ட படிவங்கள் வெளிவந்தன. நடந்த மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணை சொன்ன பிறகும் அந்தக் கையெழுத்துகளால் வந்த கேடு தீரவில்லை. நல்ல தடுப்பூசி அது, பல ஆண்டு பின்னால் போயிற்று.

உவரி: புனேயில் செய்த மலேரியா ஊசி ஆப்பிரிக்காவுக்குப் போகிறதாம். நமக்கு ஏன் இல்லை?

இப்போதுள்ள ஆர்21, ஆர்.டி.எஸ்.எஸ். ஊசிகள் இரண்டுமே மலேரியாவில் ஃபால்சிபாரம் என்ற வகைக்கு, நோய் மிகுந்த இடங்களின் சிறு குழந்தைகளுக்கு. நம் கடற்கரையில் எப்போதாவது வரும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை. அதற்கு இவை உதவா. கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் மூடி போடுங்கள். வைவாக்ஸ் வந்தவர்கள் 14 நாள் பிரைமாகுயினை முடியுங்கள். ஜி6பி.டி. என்னும் நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

கடையநல்லூர்: வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்கிறேன். ஆனாலும் கொசுப்புழு.

காலி செய்தால் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு நிரப்புங்கள். 2012-இல் உங்கள் ஊர்ப் பக்கம் டெங்கு படுத்திய பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வருகிற ஊரில் சேர்த்து வைக்காதே என்று சொல்லிப் பயனில்லை. டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

சங்கரன்கோவில்: வைடால் பாசிட்டிவ். டைபாய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வைடால் என்ற ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துக்கொண்டு டைபாய்டு என்று முடிவு கட்டாதீர்கள். நம் பக்கம் டைபாய்டு இல்லாத பலருக்கும் அது ஏதாவது ஓர் அளவு காட்டும். ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தக் கல்ச்சர் எடுங்கள். மலையடிவாரத்தில் காய்ச்சல் என்றால் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கும், டாக்ஸிசைக்ளினுக்குக் கேட்கும். அதற்குத் தடுப்பூசி கிடையாது. டைபாய்டு கான்ஜுகேட் ஊசி நல்ல ஊசிதான். நேபாளம், மலாவி, வங்கதேசச் சோதனைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் தடுத்தது. காய்ச்சல் தீர்ந்த பிறகு போடுங்கள், காய்ச்சலுக்கு மருந்தாக அல்ல.

ஏரல்: 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் எல்லாருக்கும் காலரா ஊசி போடக் கூடாதா?

அது ஊசி இல்லை, குடிக்கும் மருந்து. கொல்கத்தாவில் சோதித்தபோது ஐந்து ஆண்டில் 65 சதவீதம் பாதுகாப்புத் தந்தது. உலகக் கையிருப்பு போதாமல் 2022 அக்டோபரில், காலரா பரவும் நாடுகளுக்கே இரண்டுக்குப் பதில் ஒரு தவணையாகக் குறைத்தார்கள். உங்களுக்கு உடனே உதவுவது குளோரின். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது சுமாரான கணக்கு. பொடியை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும், ஆகவே கிராமை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து, மிச்சக் குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் 0.5 காட்ட வேண்டும். சேற்றில் இறங்கி வேலை செய்பவர்கள் எலிக்காய்ச்சலுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் 200 மி.கி. எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் அது கூடாது.

நாங்குநேரி: திருப்பூரில் வேலை பார்த்துத் திரும்பினோம். பென்டாவலென்ட் இரண்டாவது தவணை மூன்று மாதம் தள்ளிவிட்டது. முதலிலிருந்தா?

முதலிலிருந்து வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், தவணைக்குத் தவணை நான்கு வாரம் இடைவெளி. பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தால் எம்.ஆர். ஊசியையும் அதே நாளில் வேறு இடத்தில் போட்டுவிடலாம். திருப்பூர் அட்டையைத் தொலைத்திருந்தால் அங்கே போட்ட நிலையத்தில் பதிவேடு இருக்கும், தேதியைக் கேட்டு வாங்குங்கள். வருகிற புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.