கடல் சிவக்கவில்லை, மட்டியை நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாமா?

"தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மட்டியும் உயிரோடு இருக்கிறது, கொதிக்க வைத்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நஞ்சுள்ள நுண்பாசி பெருகியிருக்கிறது (சில நேரம் அது கடலைச் சிவக்கவைக்கும்) என்று அந்தக் கடற்பகுதிக்கு எச்சரிக்கை இருந்தால் சட்டியை இறக்கி வையுங்கள். சாறும் வேண்டாம்.

வெப்பமண்டலக் கரைகளில் பல இடங்களில் மட்டி நஞ்சாவதற்குக் காரணம் பைரோடினியம் பஹாமென்ஸ் என்ற நுண்பாசி. அது உண்டாக்கும் சாக்சிடாக்சின் என்ற நரம்பு நஞ்சு கொதிக்கும் நீரில் அழியாது; சதையிலிருந்து கொஞ்சம் சாற்றில் இறங்கும், அவ்வளவுதான். பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிலோ சதைக்கு 0.8 மில்லிகிராம். ஒரு பரல் கல் உப்பின் எடைகூட இல்லை. வாசனை கிடையாது, ருசி மாறாது. 1987இல் குவாத்தமாலாவில் மட்டி சாப்பிட்ட 187 பேர் பாதிக்கப்பட்டு 26 பேர் இறந்தார்கள். சிறு குழந்தைகளிடையே இறப்பு விகிதம் மிக அதிகம்.

நீரின் நிறத்தை நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் பாசி இருக்கும்போதே, நாள் முழுக்க நீரை வடிகட்டும் சிப்பி நஞ்சைச் சேர்த்துவிடும். பாசி அடங்கிய பிறகும் சில வகைகளில் வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் அது தங்கும். சுத்தமான நீரில் ஓரிரு நாள் போட்டு வைப்பது கிருமியைக் குறைக்கத்தான் உதவும், இந்த நஞ்சைப் போக்காது.

"காலங்காலமாகச் சாப்பிடுகிறோமே" என்று யாராவது வருவார்கள். ஒவ்வொரு ஆண்டும் பாசி பெருகுவதில்லை. அதனால்தான் ஒன்றும் ஆகாமல் போகிறது. சகிக்க முடியாத இன்னொன்று, வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம் என்ற பேச்சு. வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். சாக்சிடாக்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைப் பகிர்கிறவர்கள் ஓர் உயிரோடு விளையாடுகிறார்கள்.

மீனின் கதை வேறு: செவுளும் குடலும் நீக்கிக் கழுவினால் சதையைச் சாப்பிடலாம். குடலோடு முழுசாகத் தின்னும் பொடிமீனைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், உதடும் நாக்கும் மரத்துப்போவதுதான் முதல் அறிகுறி. பெரும்பாலும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். பிறகு விரல் நுனி, தடுமாறும் நடை, குழறும் பேச்சு, மூச்சுத் திணறல். மரத்ததுமே கிளம்புங்கள், வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள். மாற்று மருந்து கிடையாது, மூச்சைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருங்கள். அசைய முடியாமல் கிடப்பவருக்கு நினைவு இருக்கலாம், நீங்கள் பேசுவது காதில் விழும். மீந்த மட்டியை ஓட்டோடு பையில் கட்டி எடுத்துப் போங்கள், பரிசோதனைக்கு வேண்டும்.