யாழ்ப்பாண வெயிலுக்கு எந்த எஞ்சின் ஒயில்?

கேள்வி: கொடிகாமத்தில் இருந்து எழுதுகிறேன். யப்பானில் இருந்து இறக்கிய சிறிய ஹைபிரிட் கார் வைத்திருக்கிறேன். ஒயில் மூடியில் 0டபிள்யூ-20 என்று பொறித்திருக்கிறது. கராச்சிலோ, "அது பனி பெய்யும் நாட்டுக்கு உரியது, எங்கள் வெயிலுக்கு 20டபிள்யூ-50தான் சரி" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூடி சொல்வதைக் கேளுங்கள். 0டபிள்யூ-20 ஒயிலையே ஊற்றுங்கள்.

டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண் குளிர்காலத்துக்கு உரியது. கடும் குளிரில் எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் அளவுக்கு ஒயில் இளகி இருக்கிறதா என்பதை அது குறிக்கிறது. 0டபிள்யூ ஒயிலை −35 பாகை செல்சியசிலும், 20டபிள்யூ ஒயிலை −15 பாகையிலும் சோதிக்கிறார்கள். அந்தக் குளிர் எங்களுக்கு இல்லை. அந்த அளவில் உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு.

பிழை இரண்டாவது எண்ணில் நடக்கிறது. அது 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பைக் காட்டும் எண். அந்தச் சூட்டில் 20 என்ற தரம் 6.9 முதல் 9.3 வரையான சென்ரிஸ்ரோக்கில் (தடிப்பை அளக்கும் அலகு) நிற்கும். 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. இரண்டு மடங்குக்கும் மேல் தடிப்பு! வெளியே 25 பாகையோ 35 பாகையோ, ஓடும் எஞ்சினின் சூட்டைத் தேமோஸ்ரற்றும் ரேடியேற்றரும் ஒரே அளவில் பிடித்து வைக்கின்றன. ஓகஸ்ட் மாதத்தில் டோக்கியோவிலும் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அங்கும் இதே வகைக் கார்கள் இதே ஒயிலில்தான் ஓடுகின்றன.

"தண்ணீர் போல இருக்கிறதே" என்று பயப்பட வேண்டாம். 40 பாகையில் 0டபிள்யூ-20 ஒயிலின் தடிப்பு ஏறத்தாழ 40 சென்ரிஸ்ரோக். 20டபிள்யூ-50 என்றால் 150க்கும் மேல். காலையில் நீங்கள் சாவியைத் திருப்பும்போது இன்னும் அதிகம். இடைவெளி குறைந்த பாகங்களுக்காகச் செய்த எஞ்சினில் அந்தத் தடித்த ஒயில் மேலே ஏறிச் சேரத் தாமதமாகும். பெற்றோலும் கூடச் செலவாகும். சந்தைக்குப் போய்த் திரும்பும் குறுகிய ஓட்டங்களில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும் முன்பே நிறுத்திவிடுகிறோம். அப்போது பாதிப்பு இன்னும் கூடும்.

20டபிள்யூ-50 மீதுள்ள நம்பிக்கை காரணமில்லாமல் வரவில்லை. மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய கார்களுக்கு அது பொருந்தும். போர் நடந்தபோது இருந்த பெற்றோல் தடைக் காலத்தில் இங்கே வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்தபோது, தடித்த ஒயில்தான் தாக்குப்பிடித்திருக்கும். காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பல முச்சக்கர வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே இன்றும் அதைத்தான் சொல்கிறார். அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது வேறு எஞ்சின்களில் பெற்ற அனுபவம்.

கார் பழசாகி, ஒரு ஒயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அளவுகோலில் மட்டம் இறங்கினால், முதலில் கசிவைப் பாருங்கள். கசிவு இல்லை, கையேடும் அனுமதிக்கிறது என்றால் 5டபிள்யூ-30க்கு மாறலாம். கையேடு யப்பானிய மொழியில் இருந்தாலும் ஒயில் தர எண்களை வாசிக்க முடியும். ஒரேயடியாக 50க்குத் தாவ வேண்டாம்.

காருக்கு வாங்கியதில் மிஞ்சிய ஒயிலை வீட்டில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிடாதீர்கள். கியர் உள்ள பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் அதே ஒயிலில் நனைந்தபடி வேலை செய்கிறது. 0டபிள்யூ-20 போன்ற கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்களால் அது வழுக்கத் தொடங்கும். போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று (ஒயிலில் நனையும் கிளச்சுக்கு ஏற்றது என்று காட்டும் யப்பானியத் தரக் குறி) இருப்பதைப் பார்த்து, அந்த வண்டியின் கையேடு சொல்லும் தரத்தில் வேறாக வாங்குங்கள்.